கழற்றி மாற்றும் சுவர்

மகன்,

நான் உனக்கு எழுதும் கடிதங்களின் தலையில், அல்லாஹ்வின் பெயருக்குப் பதிலாக, எப்போதும் 786 இருக்கும். இந்தக் கடிதத்தில் அந்த இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன். மறதி என்று நினைத்துவிடாதே. மில் இயந்திரத்தின் சத்தம் என் இரண்டு காதையும் தின்றுவிட்டதே தவிர, நினைவு நன்றாகத்தான் இருக்கிறது. அதுதான் இப்போது தொல்லை. "நாங்கள் எல்லோரும் சுகம்" என்றும் தொடங்கவில்லை, ஏனென்றால் சுகமில்லை. உன் உம்மாவுக்கு முழங்கால் மடங்குவதில்லை. தொழுவதே கதிரையில் இருந்துதான். உன் தங்கச்சியும் அவள் புருஷனும் மூன்று பிள்ளைகளும் நம் பழைய வீட்டின் பின்னறையில் நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கிறார்கள். அதே வளவில் அவளுக்கென்று நீ காசு அனுப்பி நான் கட்டிய வீடு, கரி பிடித்த நாலு சுவராக நிற்கிறது. இதெல்லாம் உனக்குத் தெரியும். தெரியாத ஒன்றைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

சவூதியில் உன் ஒப்பந்தம் முடிகிறது, புதுப்பிக்கப் போவதில்லை, ஊருக்கு வந்து தங்கச்சியின் வீட்டைத் திரும்பக் கட்டிவிட்டு மில்லிலேயே என்னோடு நின்றுவிடுகிறேன் என்று எழுதியிருந்தாய். அதற்குக் கீழே, பேனா மை மாறிய இடத்தில், இன்னொரு வரி இருந்தது. "இங்கிலாந்தில இருந்தவங்க என்னை எப்பவோ மறந்துட்டாங்க வாப்பா. அந்தக் கதை முடிஞ்சுது." மற்றதையெல்லாம் ஒரு தரம் வாசித்தேன், அந்த வரியை மட்டும் எத்தனை தரம் வாசித்தேன் என்று தெரியாது. இந்தக் கடிதம் அந்த வரிக்கான பதில். எழுதி முடித்ததும் உன் உம்மாவுக்கும் தங்கச்சிக்கும் வாசித்துக் காட்டிவிட்டுத்தான் உறையை ஒட்டுவேன். இனி இந்த வீட்டில் என்னிடம் மட்டும் இருக்கிற சங்கதி என்று ஒன்றும் வேண்டாம்.

நீ இங்கிலாந்தில் படிப்பு முடித்து, அங்கேயே ஓர் ஆராய்ச்சிக் குழுவின் பெரியவரோடு சேர்ந்து, முதல் தடவை விடுமுறையில் வந்த நாட்கள் ஞாபகம் இருக்கிறதா? உடுப்புப் பெட்டியைவிட நீளமான ஒரு மட்டைக் குழாயைத் தோளில் மாட்டிக்கொண்டு கல்முனை பஸ்ஸிலிருந்து இறங்கினாய். உள்ளே பாய் அளவு தாள்கள். சாப்பாட்டு மேசையில் விரித்து, நாலு மூலைக்கும் நாலு கோப்பையை வைத்து, காலையிலிருந்து அஸர் தொழுகை வரை கோடு போட்டாய். என்னடா இது என்று கேட்டதற்கு, சூரியனுக்குள் நடக்கிற காரியத்தை ஒரு பெரிய வளையத்துக்குள் நடத்தி, அதிலிருந்து ஊருக்கெல்லாம் கரண்ட் கொடுக்கிற நிலையம் என்றாய். அப்படி ஒன்று எங்கே ஓடுகிறது என்று கேட்டேன். எங்கேயும் இல்லை, இன்னும் அந்த நெருப்பையே யாரும் ஒழுங்காகப் பிடித்து வைக்கவில்லை என்றாய். எனக்குச் சிரிப்பு வந்தது.

"எரியாத அடுப்புக்கு இப்பவே குசினி கட்டுறீங்களா?" என்றேன்.

"ஓம் வாப்பா. அடுப்பு எரிஞ்ச பிறகு குசினி கட்ட ஓடினா, எரிஞ்சதும் வீண்தான். என்ட காலத்தில எரியாமலும் போகலாம். ஆனா கட்டுறவன் வாற நேரம் அவன்ட கையில படம் இரிக்கணும்."

அப்போது உன் முகத்தில் இருந்த வெளிச்சத்தை நான் பார்க்காமல் இல்லை. பார்த்தும்தான் பிறகு நான் அதைச் செய்தேன்.

மறுநாள் மில்லுக்கு என்னோடு வந்தாய். நெல் அவிக்கிற பொயிலருக்கு உமி தள்ளிக்கொண்டிருந்தவர்களுக்கு நடுவில் நின்று எனக்கு விளங்கப்படுத்தினாய். இது உமியை எரிப்பது போல இல்லை, ஐதரசனின் இரண்டு சாதியை நெருக்கி ஒன்றாக்குவது, அந்தச் சூட்டைத் தாங்க எந்தப் பாத்திரமும் இல்லாதபடியால் காந்தத்தால் அந்தரத்தில் பிடித்து வைப்பது என்றாய். அதைச் சுற்றி ஒரு சுவர், அதுதான் உன் வேலை என்றாய். நெருப்பிலிருந்து பறந்து வருகிற கண்ணுக்குத் தெரியாத துகள்கள் அந்தச் சுவரில் மோதிச் சூடாக்கும். அது மட்டுமல்ல, அந்தச் சுவருக்குள்ளேயே அடுத்தடுத்த நாளுக்கான எரிபொருளும் விளைய வேண்டும் என்றாய். நாங்கள் விதைநெல் எடுத்து வைக்கிற மாதிரி என்று நான் சொல்ல, நீ கைதட்டினாய். சரி, சுவர் சூடானதும் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆவியாக்கிச் சுழல விடுவது என்றாய்.

"கடைசியில தண்ணி கொதிக்க வைக்கத்தானா இவ்வளவு பாடும்?"

"ஓம் வாப்பா, கடைசியில எல்லாம் உங்கட மில்லுதான்" என்று சொல்லிச் சிரித்தாய். அங்கே நின்றவர்களும் சிரித்தார்கள்.

நான் விடவில்லை. என் வயதெல்லாம் இயந்திரத்தைத் திருத்தித் திருத்தியே போனது, எனக்குத் தெரிந்ததும் அது ஒன்றுதான். அந்தச் சுவர் எத்தனை காலம் நிற்கும் என்று கேட்டேன். சில வருடங்கள்தான், அந்தத் துகள்கள் இரும்பையும் உள்ளுக்குள் தின்றுவிடும் என்றாய். அப்போ பழுதானால் யார் உள்ளே போய்க் கழற்றுவது என்று கேட்டேன். மனிதன் போக ஏலாது, சுவரே நஞ்சாகிவிடும் என்றாய். "மனிசன் கை வைக்க ஏலாத மெஷினை வருசத்தில எத்தனை நாள் ஓட்டுவீங்க? மில்லு ஒரு கிழமை நிண்டாலே முதலாளி நெல்லை வேற இடத்துக்கு ஏத்திருவார்" என்றேன். நீ சட்டைப்பையிலிருந்து கொப்பியை எடுத்து எழுதினாய். அன்று பின்னேரம் உன் உம்மா தோடம்பழம் உரித்துச் சுளை சுளையாகப் பீங்கானில் வைத்தபோது, ஒரு சுளையை மட்டும் பிரித்து இழுத்து, திரும்ப வைத்து, திரும்ப இழுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாய். அடுத்த நாள் தாளில் சுவர் முழுதும் சுளைகளாகி இருந்தது. ஒவ்வொரு சுளையையும் தூர நின்று இயந்திரக் கையால் இழுத்து எடுத்துப் புதிது வைப்பதற்கு வழி. "பழுதாகும் எண்டு முதல்லயே ஒத்துக்கொண்டு கட்டுறது வாப்பா" என்றாய். நான் கேட்ட ஒரு கேள்வி இங்கிலாந்து வரைக்கும் போகப் போகிறதே என்று எனக்கு உள்ளுக்குள் பெருமை. வெளியில் காட்டவில்லை. அதற்கும் இப்போது வருந்துகிறேன்.

ஒரு மாதம் கழியவில்லை, சூறாவளி வந்தது. அதைப் பற்றி உனக்கு எழுத வேண்டியதில்லை, நீயும் எங்களோடு கட்டிலுக்குக் கீழே கிடந்தவன்தான். விடிந்தபோது வளவில் ஒரு தென்னை நிற்கவில்லை. மில்லின் கூரைத் தகரம் யாருடைய வயலுக்குப் போனதோ தெரியாது. தங்கச்சிக்கென்று யன்னல் மட்டம் வரை எழுப்பியிருந்த புதுச் சுவர் கல் கல்லாகச் சரிந்து கிடந்தது. நிந்தவூரில் அவளுக்கு மாப்பிள்ளை பேசி முடித்திருந்தோம். ஒரு கிழமையில் மாப்பிள்ளையின் வாப்பா வந்தார். விழுந்து கிடந்த கல்லைச் சுற்றிப் பார்த்தார். நல்ல மனிதர்தான், குரலை உயர்த்தவில்லை. "காரியத்தைக் குழப்ப நாங்க நினைக்கல்ல. ஆனா வீடில்லாத இடத்துக்குப் பொடியனை எப்படி அனுப்புற?" என்றார். நம் பக்கத்துச் சங்கதியை உனக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்கு வருவது, அந்த வீட்டைக் கட்டிக் கொடுப்பது வாப்பாவும் கூடப் பிறந்த காக்காமாரும். மகளுக்கு வீடு கொடுக்காதவன் பள்ளிவாசலில் முன் வரிசையில் நிற்கக் கூசுவான். நானும் கூசினேன்.

விழுந்த தென்னங்குற்றியில் உன்னைப் பக்கத்தில் இருத்தி, நீ இங்கிலாந்துக்குத் திரும்ப வேண்டாம், சவூதியில் கடல் தண்ணீரை நல்ல தண்ணீராக்குகிற நிலையத்துக்கு ஆள் எடுக்கிறார்கள், அதற்குப் போ என்றேன்.

"ரெண்டு வருசம் பொறுங்க வாப்பா. சுவரிட வேலை நடுவில நிக்கிது. நான் போகாட்டி அதை எடுத்துச் செய்ய ஆளில்ல."

"பேப்பரில கிடக்கிற சுவர் பொறுக்கும். தங்கச்சிட சுவர் பொறுக்காது."

நீ சம்மதிக்கவில்லை. அப்போதுதான் நான் அதைச் சொன்னேன். "உள்ள போய்ப் பாரு. மூணு நாளா அவள் சோறு தின்னாம அழுறாள். உனக்குக் கண்ணில்லையா?" நீ எழுந்து போய், சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்திருந்த அவளைப் பார்த்தாய். வெளியே வந்து, "சரி வாப்பா, போறன்" என்றாய். மட்டைக் குழாயை அலுமாரிக்கு மேல் வைத்துவிட்டுப் போனாய்.

இதுவரைக்கும் உனக்குத் தெரிந்த கதை. இனித்தான் நான் சொல்ல வேண்டியது. நீ சவூதிக்குப் போய் ஆறு மாதத்தில் இங்கிலாந்திலிருந்து நம் வீட்டு முகவரிக்கு ஒரு கடிதம் வந்தது. உன் பெயருக்கு வந்த கடிதத்தை நான் உடைத்தேன். இயந்திரங்களோடு வரும் புத்தகங்களை எழுத்துக்கூட்டி வாசித்துப் பழகிய என் இங்கிலீசுக்கு அது விளங்கியது. உன் பெரியவர் எழுதியிருந்தார். நீ பிரதி எடுத்துத் தபாலில் அனுப்பிய சுளைச் சுவரைக் குழு ஏற்றுக்கொண்டதாம். முழு நிலையத்தையும் இனி அதைச் சுற்றியே வரையப் போகிறார்களாம். உன் குடும்பத்தின் கஷ்டம் தெரியும், ஒரு வருடத்துக்கு உன் இடத்தில் யாரையும் வைக்க மாட்டோம், எப்போது வருவாய் என்று எழுது என்று இருந்தது. நான் அதை மடித்து, மில் இயந்திரத்தின் புத்தகத்துக்குள் வைத்தேன். வீட்டின் தளம் அப்போதுதான் போட்டிருந்தோம். உன்னிடம் சொன்னால் நீ போய்விடுவாய் என்று எனக்குத் தெரியும். கூரை ஏறட்டும், பிறகு அனுப்புவோம் என்று என்னையே நான் ஏமாற்றினேன்.

நீ கேட்டாய். "இங்கிலாந்திலிருந்து ஏதும் வந்ததா வாப்பா?" என்று இரண்டு கடிதத்தில் கேட்டாய். தலையில் 786 எழுதிய அதே தாளில், "ஒன்றும் வரவில்லை மகன்" என்று இரண்டு தரமும் எழுதினேன். மூன்றாவது கடிதத்தில் நீ கேட்கவில்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது. அல்லாஹ் என்னை மன்னிக்கட்டும், நிம்மதியாகத்தான் இருந்தது. அவர்கள் உன்னை மறக்கவில்லை. மறந்துவிட்டார்கள் என்று உன்னை நான்தான் நினைக்க வைத்தேன். அந்த எண்ணை எழுதிவிட்டுப் பொய் எழுதிய கை இது, அதனால்தான் இந்தத் தாளின் தலையில் அந்த இடம் வெறுமையாக இருக்கிறது.

இன்னும் ஒன்று. அது உனக்குத் தெரியும், ஆனால் நாம் அதைப் பற்றி ஒருநாளும் கதைத்ததில்லை. வீட்டுக்குப் படம் கீற, அதைக் கட்ட வந்த மேசன் பாஸ் பெரிய கடதாசி கேட்டார். கடைகளில் கடதாசி ஏது அந்த நாட்களில்? அலுமாரிக்கு மேல் கை போட்டு உன் தாளில் ஒன்றை உருவிக் கொடுத்தேன். ஒரு பக்கம் வெறுமையாகத்தானே இருக்கிறது என்று நினைத்தேன். வெறும் தாளுக்கும் வேலைக்கும் வித்தியாசம் தெரியாதவன் அல்ல நான். தங்கச்சியின் நிகாஹுக்கு நீ லீவில் வந்தபோது, பாஸ் அதைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். "தம்பி, என்ன கடதாசி இது, எத்தனை தரம் மடிச்சும் கிழியல்ல!" என்றார். நீ வாங்கிப் பார்த்தாய். ஒரு பக்கத்தில் மண்டபம், இரண்டு அறை, குசினி. மறுபக்கம் திருப்பினாய். உன் சுளைகளுக்கு மேல் சுண்ணாம்புக் கைரேகை. திரும்ப வீட்டுப் பக்கத்தைப் பிரட்டி, "மண்டபத்துக்கு இன்னொரு யன்னல் வைக்கலாம் பாஸ், காத்து வரும்" என்றாய். நீ என்னோடு சண்டை பிடித்திருந்தால் அன்றைக்கே அந்தக் கடிதத்தை எடுத்துத் தந்திருப்பேன் என்று பல தரம் நினைத்திருக்கிறேன். அதுவும் பொய்யாக இருக்கலாம். கடிதத்தில் இருந்த ஒரு வருடக் கெடு அப்போதே முடிந்திருந்தது.

யன்னல் வைத்தோம். காற்று வந்தது. ஆறு வருடம் அந்த வீட்டில் உன் தங்கச்சி இருந்தாள், மூன்று பிள்ளை பெற்றாள். பிறகு கலவரத்தில் ஊர் குழம்பிய நாளில், நாங்கள் எல்லோரும் பள்ளிவாசலுக்குள் ஒதுங்கியிருந்தபோது, யாரோ வந்து வைத்த நெருப்பில் ஒரு பகலுக்குள் போய்விட்டது. யார் வைத்தது என்று ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். நான் கேட்பதில்லை, என் காதுக்கும் விழுவதில்லை. ஓட்டுக் கூரை உள்ளே இறங்கிக் கிடந்தது. அடுத்த கிழமை மேசன் பாஸ் வந்து, உன் தாளை என்னிடம் நீட்டினார். நம் வீட்டுப் படம் நல்ல படம் என்று இத்தனை காலமும் அதைக் கொண்டு திரிந்து வேறு நாலு வீடு கட்டினாராம். "திரும்பக் கட்டத் தேவைப்படுமே ஹாஜி" என்றார். அதை வாங்கி வைத்துக்கொண்டு அன்று முழுதும் இருந்தேன்.

அந்தத் தாளை வைத்துக்கொண்டு நான் யோசித்ததைச் சொல்கிறேன், புத்திமதி என்று எடுத்துக்கொள்ளாதே, அதற்கு எனக்கு முகமில்லை. நீ வரைந்த சுவர் பழுதாகும் என்று தெரிந்தே வரைந்த சுவர். ஒன்றைக் கழற்றினால் அடுத்தது தயாராக இருக்கும். நான் கட்டியது உலகம் முடிகிற கியாமத் நாள் வரைக்கும் நிற்கும் என்று கட்டியது. அதற்காக உன்னைக் கொடுத்தேன். திரும்ப வைக்க என்னிடம் வேறு மகன் இல்லை. உனக்கு முப்பத்தாறு வயதாகிறது. தங்கச்சியின் காரியம் முடியட்டும் என்று உன் நிகாஹையும் தள்ளித் தள்ளிப் போட்டாய். இப்போது அவள் மூத்த மகளுக்கு ஏழு வயது. நாளைக்கு அவளுக்கும் ஒரு வீடு கேட்பார்கள், நீ அதையும் கட்டுவாய், உன்னைத் தெரியும் எனக்கு. வராதே மகன். வீடு கட்ட வராதே. நான் கண்மூடிய பிறகு என் மையத்தை அடக்க வந்தால் போதும். எனக்கு இந்த ஊரிலோ என் கையிலோ ஒரு நம்பிக்கையும் மிச்சமில்லை. அங்கே அந்த நெருப்பு இன்னும் எரியவில்லை என்றுதான் பத்திரிகையில் இடைக்கிடை போடுகிறார்கள். உன் இடத்தில் வேறு ஒருவன் இருப்பான். உன் பெரியவர் உயிரோடு இருக்கிறாரோ தெரியாது. போ என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை, போவதற்கு ஒன்றை நான் மிச்சம் வைத்திருக்கிறேனா என்று தெரியாதபடியால். அவர் எழுதிய கடிதத்தை இதோடு வைக்கிறேன். உடைத்த உறையோடு அப்படியே இருக்கிறது. உன் தாளையும் சுருட்டி வேறாக அனுப்புகிறேன். ஒன்று மட்டும் சொல்வேன். ஒருத்தருக்காக என்று சொல்லி இன்னொருத்தரிடமிருந்து எதையும் எடுக்காதே. நான் எடுத்தது உன் தங்கச்சிக்காக என்ற ஒரே ஆறுதலில்தான் இத்தனை வருடமும் சோறு தின்றேன்.

இங்கே நிறுத்திவிட்டு, லுஹர் தொழுகைக்குப் பிறகு இரண்டு பேரையும் கூப்பிட்டு வாசித்துக் காட்டினேன். மருமகனும் வாசலில் நின்றார். உன் உம்மா இங்கிலாந்துக் கடிதம் வந்த இடத்திலேயே எழுந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டா. இன்னும் என்னோடு கதைக்கவில்லை. மருமகன், "நான் வீடு கேக்கல்ல மாமா, எங்கட வாப்பாதான் கேட்டார்" என்று தரையைப் பார்த்துச் சொன்னதாக, பிறகு மூத்த பேத்திதான் எனக்கு விளங்கப்படுத்தினாள்.

உன் தங்கச்சி கடைசி வரைக்கும் கேட்டாள். பிறகு என் பக்கத்தில் வந்திருந்து, என் காதுக்குள் வாயை வைத்து, அடுத்த வளவுக்கும் கேட்கிற மாதிரிக் கத்தினாள். கோபத்திலா, எனக்குக் கேட்க வேண்டும் என்பதற்கா என்று தெரியவில்லை.

"அந்த மூணு நாளும் நான் வீட்டுக்கா அழுத வாப்பா? நீங்க காக்காவை மறிக்கப் போறீங்க எண்டு உம்மாவோட கதைச்சது எனக்குக் கேட்டிச்சி. காக்காட படிப்பு என்னால போகுதே எண்டுதான் அழுத. ஏன் அழுறாய் எண்டு ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

நான் கேட்கவில்லை, மகன். நீயும் உள்ளே போய் அவள் முதுகைத்தான் பார்த்தாய், நீயும் கேட்கவில்லை. அப்போது என் காது இரண்டும் நன்றாகத்தான் இருந்தது.

வாப்பா